கொலையாளிக்கு மன்னிப்பு கிடைக்கிறது, கொலையுண்டவருக்கு?

ஜனவரி 14
வாசகர் ஒருவரின் கேள்வி:

ஒருவன் பலரைக் கொன்றுவிட்டு, தூக்குமேடைக்குப் போகுமுன் மனந்திரும்புகிறான். கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அவன் பரலோகம் சேர்கிறான். அவனால் கொல்லப்பட்டவர்களில் இயேசுவை ஏற்காதவர் ஒருவர் இருந்தால், அவர் நரகத்துக்குப் போகிறார். இப்படித் தீர்ப்பளிக்கிற கடவுளை நீதியுள்ளவர் என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்? ‘கிருபை’ என்ற ஒற்றை வார்த்தையில் பதில் வேண்டாம்.

ஜனவரி 14, இரவு

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். தேவனுடைய பார்வையில் எல்லாப் பாவமும் ஒன்றே, ஆகவே கொலைகாரனும் நீங்களும் சமம் என்பது முதலாவது. இயேசுவோடு அறையப்பட்ட இரண்டு கள்ளர்களில், சிலுவையிலேயே மனந்திரும்பியவனைப் பாருங்கள் என்பது இரண்டாவது.

முதல் பதிலை நான் ஏற்பதில்லை. தம்மை ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவமுண்டு என்று தம்மை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவிடம் இயேசுவே சொல்லியிருக்கிறார் (யோவான் 19:11). எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடிகள், அறியாமல் செய்தவனுக்குச் சில அடிகள் என்று லூக்கா 12ஆம் அதிகாரம் அளந்து பேசுகிறது. பாவங்களுக்குள் ஏற்றத்தாழ்வே இல்லையென்றால் இந்த வசனங்களுக்கு அங்கே வேலையில்லை.

கள்ளனுடைய கதையைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். நாம் நியாயப்படிதான் தண்டிக்கப்படுகிறோம் என்று வாய்திறந்து ஒப்புக்கொள்கிறவன் அவன்தான். அவனுக்குப் பரதீசு வாக்களிக்கப்படுகிறது. ஆனால் சிலுவையிலிருந்து யாரும் அவனை இறக்கிவிடவில்லை. மாலையில் போர்ச்சேவகர்கள் வந்து இருவருடைய காலெலும்புகளையும் முறிக்கிறார்கள். மன்னிக்கப்பட்டவன், மன்னிப்புக் கேளாதவன் என்ற வித்தியாசம் அந்தச் சேவகர்களுக்குத் தெரியாது. மன்னிப்பு என்றால் தண்டனை ரத்து என்று அந்தக் கதையிலிருந்து எடுக்க முடியாது என்பது மட்டுமே என் வாதம். உங்கள் கேள்விக்கு இது முழுப் பதிலாகாது என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஜனவரி 15

இரண்டாம் பாதியைப் பற்றிச் சுருக்கமாக. விசுவாசியாதவர் எல்லாரும் நேரே நரகம் என்பது கிறிஸ்தவர்களில் ஒரு சாராரின் போதனை. நியாயப்பிரமாணமில்லாதவர்களின் (மோசேயின் சட்டத்தைப் பெறாத மற்ற இனத்தாரின்) மனச்சாட்சியும் நியாயத்தீர்ப்பு நாளில் சாட்சியாக நிற்கும் என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 2:14-16). தம் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி வாழ முயல்கிறவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுத்தில் வைத்தது. ஆகவே கொல்லப்பட்டவருடைய முடிவை நீங்களோ நானோ எழுதிவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவரை அவிசுவாசி என்று கீழே ஒருவர் திட்டியிருக்கிறார். அழிவுக்குக் குறிக்கப்பட்ட சோதோம் நகருக்காகத் தேவனிடம் 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரைக்கும் பேரம் பேசி இறங்கிவந்த ஆபிரகாம், ‘சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ’ என்று கேட்டது இதே கேள்வியைத்தான். திட்டுவதானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜனவரி 17

இரண்டு நாளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது உரியாவின் பெயர். கிருபையா நீதியா என்று நாம் வாதாடும்போது மேடையில் இரண்டு பேரை மட்டுமே நிறுத்துகிறோம்: தேவன் ஒருவர், பாவி ஒருவன். தீங்கிழைக்கப்பட்டவர் பார்வையாளர் வரிசையில்கூட இல்லை. கேள்வி கேட்டவருடைய கோபம் இங்கிருந்துதான் வருகிறது என்று இப்போது நினைக்கிறேன். நரகத்தைப் பற்றிய கணக்கு அதன் மேற்பூச்சு.

2 சாமுவேல் 11ஐ எடுத்துப் பாருங்கள். ராஜாவாகிய தாவீது, தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொள்கிறான். அதை மறைக்க அவனைப் போர்க்களத்திலிருந்து வரவழைக்கிறான். அவன் வீட்டுக்குப் போகாமல் அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். கடைசியில் படைத்தலைவன் யோவாபுக்கு ஒரு நிருபம் எழுதப்படுகிறது, மும்முரமான போர்முகத்தில் இவனை நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள் என்று. அந்த நிருபத்தைக் கையில் கொண்டுபோகிறவன் உரியாவே. தன் சாவுக்கான ஆணையைத் தானே சுமந்துபோன இப்படியொரு மனிதனை வேறு எந்தப் பழங்கதையிலும் இவ்வளவு சாதாரணமாக, ஒரே வாக்கியத்தில் நான் வாசித்ததில்லை.

அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி நாத்தான் வருகிறார், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வந்தன் ஒருவன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்கிறார், தாவீது கொதித்தெழுந்து அந்தச் செல்வந்தன் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். ‘நீயே அந்த மனுஷன்’ என்கிறார் நாத்தான். பிறகு ஒரே வசனத்தில் பாவ அறிக்கையும் மன்னிப்பும் முடிந்துவிடுகின்றன (12:13). நாத்தானின் கதையில் ஏழை உயிரோடிருக்கிறான். நான்கு ஆடுகளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள அவனுக்குக் கையிருக்கிறது. உரியாவுக்கு யார் எதைத் திருப்பிக் கொடுப்பது?

அதன்பின் தாவீதின் பாவத்துக்காகச் சாகிற அவனுடைய குழந்தையை முன்னிறுத்தி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். அந்த இடத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிற அந்த எதிர்க்குரலோடு நிற்கிறேன்.

ஜனவரி 18

‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன் என்று தாவீதே 51ஆம் சங்கீதத்தில் பாடியிருக்கிறான், உரியாவை நீங்கள்தான் உள்ளே இழுக்கிறீர்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

இழுத்தவன் நானல்லன். தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் 2 சாமுவேல் 23இல் இருக்கிறது. அதில் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா, ‘ஆக முப்பத்தேழுபேர்’ என்ற கூட்டுத்தொகைக்கு நேர் முன்னால். சங்கீதத்தில் விடுபட்ட பெயரைச் சரித்திரக்காரர் பட்டியலின் வாசலிலேயே வைத்துவிட்டார். இதைவிட மேலானது மத்தேயுவின் முதல் அதிகாரம். இயேசுவின் வம்சவரலாற்றில் தாவீது சாலொமோனை யாரிடத்தில் பெற்றான் என்று எழுத வந்தவர், பத்சேபாளின் பெயரை எழுதாமல் ‘உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்’ என்று எழுதுகிறார். தாவீது மன்னிக்கப்பட்டு, அரசாண்டு, இறந்து, பல நூற்றாண்டுகள் கழிந்தபின், இரட்சகருடைய பிறப்புப் பட்டியலில் அந்தக் கொலை இன்னும் பதிவாகியிருக்கிறது. மன்னிப்பு என்பது ஏட்டிலிருந்து அழிப்பது என்று எண்ணுகிறவர்கள் அந்த ஆறாம் வசனத்தைத் தாண்டி வர வேண்டும்.

(இப்படி எழுதியதால் பத்சேபாள் தன் பெயரை இழந்தாள் என்பதும் நியாயமான குறைதான். அதை இங்கே விரித்தால் இழை வேறு திசைக்குப் போய்விடும்.)

ஜனவரி 22

சிலுவையில் உண்மையில் என்ன நடந்தது என்று சபை எப்படி விளக்கியது எனக் கேட்டவருக்காக. இதற்கு ஒரே ஒரு விளக்கத்தைத் தேர்ந்து எந்தப் பொதுச்சங்கமும் விசுவாச அறிக்கையில் ஏற்றவில்லை என்பதை முதலில் நினைவில் வையுங்கள். ஒரே கோட்பாடுதான் சுவிசேஷம் என்று சண்டையிடுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

ஆதி நூற்றாண்டுகளில் மனிதன் பிசாசின் சிறையில் இருக்கிறான், கிறிஸ்துவின் மரணம் அவனை விடுவிக்கிற மீட்கும்பொருள் என்பது பரவலான விளக்கம். 4ஆம் நூற்றாண்டு ஆயர் நிசாவின் கிரகோரி அதைத் தூண்டிலாகவே வரைந்துவிட்டார்: மாம்சம் இரை, உள்ளே மறைந்திருக்கிற தெய்வீகம் முள், பிசாசு விழுங்கிச் சிக்கிக்கொண்டான். அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரிக்கு இது பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்கு விலை கொடுப்பதா, அதுவும் கடவுளையே விலையாகவா என்று கேட்டார். எனக்கும் அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

காண்டர்பரியின் பேராயர் அன்சல்ம் 1098இல் முடித்த நூலில் பிசாசை வழக்கிலிருந்தே நீக்கினார். பாவம் தேவனுடைய கனத்துக்குச் செய்த குறைவு. ஒன்று ஈடுசெய்ய வேண்டும், இல்லையென்றால் தண்டனை பெற வேண்டும். ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் மனிதன், செய்யக்கூடியவர் தேவன், ஆகவே தேவ மனிதர். அடுத்த தலைமுறையில் அபெலார், சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம்மில் அன்பை மூட்டுகிறது என்பதை முன்னிறுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதி கால்வின் அன்சல்மின் ஈட்டைத் தண்டனையாக மாற்றி வாசித்தார்: நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார். 1617இல் கிரோஷியஸ், உலகத்தை ஆளுகிறவர் சட்டத்தின் மதிப்பைக் காப்பதற்காகச் சிலுவையை அனுமதித்தார் என்று எழுதினார். கால்வின் சட்டம் படித்தவர், கிரோஷியஸ் சர்வதேசச் சட்டத்துக்கே பெயர்போனவர். சிலுவை ஏன் நீதிமன்ற அறையாக மாறிப்போனது என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இந்த இருவருடைய படிப்பைப் பார்த்தால் போதும்.

இவர்களுக்கெல்லாம் சரியான எதிராளி, திரித்துவத்தை மறுத்த இத்தாலிய இறையியலாளர் சோசீனஸ். 1594இல் வெளிவந்த நூலில் அவர் இரண்டு அடி அடித்தார். கடன் முழுவதும் கட்டப்பட்டுவிட்டதென்றால் அங்கே மன்னிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. மன்னிக்கப்பட்டதென்றால் கட்ட வேண்டியதில்லை. இது முதல் அடி. பணக்கடனை இன்னொருவர் கட்டலாம், ஆனால் குற்றமும் தண்டனையும் ஆளை விட்டு ஆள் மாறாது என்பது இரண்டாவது. நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்று நீதிமொழிகள் 17:15 சொல்லும்போது, சோசீனஸை வெறும் துர்உபதேசக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது.

என் வாசிப்பில் அந்த இரண்டாம் அடி எங்கே விழுகிறதென்றால், சிலுவையில் தொங்குகிறவர் வழக்குக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் என்று கொண்டால் மட்டுமே விழுகிறது. பவுல் அப்படிச் சொல்லவில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார் (2 கொரிந்தியர் 5:19). தீங்கை அனுபவித்தவரே தீங்கின் முழு நட்டத்தையும் தம்மேல் எடுத்துக்கொள்கிறார். மன்னிக்கிற எவருக்கும் இதுதான் நேர்கிறது: போனது போனதுதான், அதை எதிராளியிடமிருந்து வசூலிப்பதில்லை என்று முடிவெடுக்கிறவர் அந்த நட்டத்தோடு வாழ்கிறார்.

ஜனவரி 23

‘கோபக்காரத் தகப்பன், அடிவாங்குகிற மகன்’ என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். பிரசங்க மேடைகளில் கேட்ட அளவுக்கு இந்தக் கேலி நியாயமானது. என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளான், நானே அதைக் கொடுக்கிறேன் என்று இயேசு சொல்கிற யோவான் 10:18ஐ வாசித்த அளவுக்கு நியாயமற்றது.

ஜனவரி 28

சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் இந்த விவாதத்தைத் தொடர்வது நேர்மையாக இராது. ஒரு காலத்தில் நானும் வேறொருவரும் கூட்டாகத் தொழில் செய்தோம். அவர் பணத்தை எடுத்து, எடுத்த தொகைகளை என் பெயரில் முன்பணமாக எழுதிவைத்தார். தொழில் மூடப்பட்டபோது கணக்கைப் பார்த்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். பணம் போனதைவிட, உறவினர்கள் என்முன் பணப்பேச்சை எடுக்காமல் ஒதுங்கியது நெடுநாள் உறுத்தியது.

பிறகு அவர் இரட்சிக்கப்பட்டார். ஒரு கூட்டத்தில் அவர் சாட்சி சொன்னபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. ‘வியாபாரத்தில் பல தவறுகள் செய்தேன், கர்த்தர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார், இன்று என் மனத்தில் பாரமே இல்லை’ என்றார். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர் குரல் உடைந்தது. அது நடிப்பென்று நான் அப்போதும் எண்ணவில்லை, இப்போதும் எண்ணவில்லை. ‘பல தவறுகள்’ என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் என் பெயர் எங்கோ இருந்தது. அவருடைய பாரம் இறங்கிவிட்டது, என்மேல் இருந்தது அப்படியே இருந்தது.

ஜனவரி 29

நேற்று எழுதியதைக் காலையில் மீண்டும் வாசித்தேன். ‘அப்படியானால் தேவன் அவரை மன்னித்திருக்கக் கூடாது என்கிறீர்களா’ என்று மூன்று பேர் கேட்டிருப்பது இயல்பே. அப்படிச் சொல்லவில்லை. தேவன் மன்னித்தார் என்பதை, என்னிடம் வர வேண்டியதில்லை என்பதற்கு அனுமதிச்சீட்டாக அவர் வாசித்ததுதான் என் குறை. அப்படி வாசிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்த போதனைமேல் அதைவிடப் பெரிய குறை.

வேதாகமம் அவரை இவ்வளவு சுலபமாக விட்டிருக்காது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின்படி குற்றம் செய்தவன் தன் பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, நட்டப்பட்டவனுக்கே கொடுக்க வேண்டும். அவன் இல்லையென்றால் அவனுடைய இனத்தானுக்கு. அதற்குப் பிறகுதான் பாவநிவர்த்திப் பலிக்கான ஆட்டுக்கடா. யூத மரபின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும், பாவநிவாரண நாள் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலுள்ள பாவங்களுக்கே பரிகாரமாகும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ளதற்கு அயலானைச் சமாதானப்படுத்தும்வரை ஆகாது என்கிறது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் என்றுதான் அங்கே இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. ஆராதனையை நடுவில் நிறுத்தச் சொல்கிற வசனம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கத்தோலிக்கர்கள் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுகிற ஒப்புரவு அருட்சாதனத்தில் பரிகாரத்தை ஒரு பகுதியாக வைத்திருப்பதைச் சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்த நாங்கள் சிறுவயதில் பரிகசித்தோம். பாவம் போக்கப்பட்டாலும் அது விளைவித்த கேடு தானாகச் சரியாகிவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் கெடுத்த பெயரை மீட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்று அவர்களுடைய மறைக்கல்வி ஏடு வெளிப்படையாகச் சொல்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்த அன்று அந்தப் பரிகாசம் என்னிடமிருந்து போய்விட்டது.

பிப்ரவரி 2

‘கிரியைகளினால் இரட்சிப்பா?’ என்ற எதிர்பார்த்த குண்டு விழுந்திருக்கிறது.

இல்லை. வரிவசூல்காரன் சகேயுவின் கதையில் (லூக்கா 19) வரிசையைக் கவனியுங்கள். ‘இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று இயேசு கூப்பிடுவது முதலில். அப்போது அவன் எதையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை, மரத்தில் இருந்தான். பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுக்கிறேன் என்பது அடுத்து. ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்பது அதற்குப் பின். கிருபை விலைக்கு வரவில்லை. ஆனால் அது வந்த வீட்டிலிருந்து பணம் உரியவர்களைத் தேடி வெளியே போனது. சீர்திருத்தவாதி லுத்தரும் கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் 1547இல் எதிரெதிராக நின்ற இந்த இடத்தில், 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையால் மட்டுமே, நற்செயல்கள் அதன் கனி. கையெழுத்துப் போட்டவர்களைவிட நம் இழை கடுமையாக இருக்க வேண்டியதில்லை.

(ஆம், லுத்தர் 1546இலேயே இறந்துவிட்டார், நின்றது அவருடைய போதனை. திருத்தம் அனுப்ப விரல் துடிக்கிறவர்கள் அமரலாம்.)

பிப்ரவரி 5

பணத்தைத் திருப்பலாம், உயிரை எப்படி என்பதுதான் உண்மையான சிக்கல். சகேயு எனக்கு உதவுவான், உரியாவுக்கு உதவமாட்டான்.

நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை ஒருவர் முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறார். ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமை வகித்ததால் அது கிறிஸ்தவ மன்னிப்பின் நாடக மேடையாகவே பலருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அங்கே பொதுமன்னிப்புப் பெற மனவருத்தம் நிபந்தனையாக இருக்கவில்லை. அரசியல் நோக்கத்தோடு செய்தது, முழு உண்மையையும் வெளியிடுவது, இவை போதும். கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் உள்ளிட்டோர் இந்த ஏற்பாட்டை எதிர்த்து 1996இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றார்கள். எங்கள் சார்பில் மன்னிக்க அரசுக்கு என்ன உரிமை என்பதுதான் அவர்களுடைய வழக்கின் சாரம். ஒரு நாடு உடையாமலிருக்க அது தேவைப்பட்டிருக்கலாம். தேவனுடைய நீதிக்கு அதை நான் மாதிரியாகக் கொள்ளமாட்டேன். மன்னிப்பை முடித்துவைக்கும் அவசரம் நாட்டுக்கு உண்டு, அவருக்கு இல்லை.

வேதாகமம் கொலையுண்டவரைப் பேச விடுகிறது என்பதே என் பிடிமானம். அண்ணன் காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 6இல் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து எதுவரைக்கும் நியாயத்தீர்ப்புச் செய்யாமலிருப்பீர் என்று சத்தமிடுகின்றன. பரலோகத்தில் இருந்துகொண்டே அவர்கள் முறையிடுகிறார்கள், அவர்களை யாரும் கண்டிக்கவில்லை, வெள்ளை அங்கி கொடுத்துப் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். எபிரெயர் 12:24 கிறிஸ்துவின் இரத்தம் ஆபேலின் இரத்தத்தைவிட நன்மையானவைகளைப் பேசுகிறது என்கிறது. அதாவது அதே வரிசையில், கொலையுண்டவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறது.

பிற்பாடு பவுல் ஆன சவுலைப் பாருங்கள். இயேசுவின் சீடரான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது சாட்சிக்காரரின் வஸ்திரங்கள் அவன் பாதத்தருகே வைக்கப்பட்டன. தமஸ்கு வழியில் கேட்ட குரல், ‘நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்’ என்றது. அவன் இயேசுவை அடித்ததில்லை. அடித்தது ஸ்தேவான் போன்றவர்களை. மன்னிக்கிறவர் அங்கே நீதிபதியாக வரவில்லை, அடிபட்டவராக வருகிறார். மன்னிக்க அவருக்குள்ள உரிமை அதிலிருந்து பிறக்கிறது. ஸ்தேவானும் இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று சொல்லித்தான் இறந்தார். சவுலின் மனமாற்றத்துக்கு முன்பே பாதிக்கப்பட்டவருடைய மன்னிப்பு பதிவாகிவிட்டது என்பதை, அப்போஸ்தலர் நடபடிகளில் இதை எழுதிய லூக்கா தற்செயலாக எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

பிப்ரவரி 6

மேலே எழுதியதில் ஓர் இடைவெளி இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ஸ்தேவான் மன்னித்தார்; உரியா மன்னித்ததாக எங்கும் இல்லை. உரியாவோடு கிறிஸ்து நிற்கிறார் என்று சொல்லலாம், உரியாவுக்குப் பதிலாக மன்னித்துவிட்டார் என்று சொல்வது வேறு. உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை இல்லாமல் இந்த இடைவெளியை அடைக்க வழியில்லை. கொலையாளியும் கொலையுண்டவரும் ஒருநாள் முகமுகமாகச் சந்தித்துப் பேச முடியும் என்றால் மட்டுமே மீட்பும் நீதியும் ஒரே காரியமாக இருக்க முடியும். நியாயத்தீர்ப்பு நாளை அச்சுறுத்தலாக அல்லாமல் வாக்குறுதியாக நான் கேட்கத் தொடங்கியது இந்த எண்ணத்துக்குப் பிறகே.

பிப்ரவரி 9

3ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகனின் ‘எல்லாரும் கடைசியில் மீள்வர்’ போதனையைப் பற்றிக் கேட்டவருக்கு: அது 6ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது, அதே திசையில் பேசிய நிசாவின் கிரகோரி இன்றும் பரிசுத்தவானாக மதிக்கப்படுகிறார். எனக்கு அந்த நம்பிக்கையின்மேல் ஏக்கம் உண்டு. ஆனால் எல்லாரும் மீள்வர் என்று சொல்கிறவரிடமும் கேட்பேன், எந்த வழியாக என்று. உரியாவைச் சந்திக்காமல் போகிற சுற்றுவழி ஒன்று இருக்குமானால் அது எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 16

கடைசியாக ஒருவர்: ‘நீங்கள் மன்னிக்காவிட்டால் உங்களுக்கு மன்னிப்பில்லை, மத்தேயு 6:15. உங்கள் கூட்டாளியைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே?’

வசனம் தெரியும், நடுங்கியும் இருக்கிறேன். மத்தேயு 18இன் உவமையில் ராஜா தள்ளிவிட்ட கடன் 10,000 தாலந்து, உடன்வேலைக்காரனுடையது 100 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து 6,000 நாள் கூலி என்று கணக்கிட்டால் வித்தியாசம் 6 லட்சம் மடங்கு. என் நட்டம் அந்த 100க்குள் அடங்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உடன்வேலைக்காரன் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினான். கெஞ்சியவனைத்தான் மற்றவன் காவலில் போடுவித்தான். உன் சகோதரன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று லூக்கா 17:3 சொல்வதும் இந்த வரிசைதான். பழிவாங்குவதை விட்டுவிடுவது என் கையில் இருக்கிறது, விட்டுவிட்டேன். வழக்குப் போடவில்லை, யாரிடமும் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஒப்புரவு இரண்டு பேர் செய்கிற காரியம். அடிபட்ட மனைவியையும் ஏமாற்றப்பட்ட விதவையையும் முதல் வரிசையில் உட்காரவைத்து இந்த வசனத்தை அவர்கள்மேல் எறிகிற ஊழியர்கள், எதிர்த்தரப்பு ஆள் எங்கே என்று ஒருமுறையாவது தேடிப் போயிருக்கிறார்களா?

அவர் நாளை வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே கூப்பிடுவேன். பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வேன். பணத்தை அவர் வைத்துக்கொள்ளட்டும். என் பெயரில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும் அவர் வாயால் படித்து, அது யார் எடுத்தது என்று சொல்ல வேண்டும், சந்தேகப்பட்ட உறவினர் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.